ஸ்டிரைக்குக்குப் போகும் முன் 78 நாளை எண்ணுங்கள்

மேட்டூரில் மதகை இறக்கினால் அன்றைக்கே கடைமடையில் தெரியாது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வற்றுவது சில நாள் கழித்துத் தெரியும். வேலைநிறுத்தத்துக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) அட்டைக்கும் உள்ள உறவும் அப்படித்தான். ஸ்டிரைக் நடக்கும் மாதத்தில் அட்டை செல்லும். அடி விழுவது பல மாதம் கழித்து. அதற்குள் எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், கோரிக்கையில் பாதி கிடைத்திருக்கும், சங்கக் கொடிக்கம்பத்துக்குப் புது பெயின்ட்கூட அடித்திருப்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து தினமும் பஸ் ஏறி துவாக்குடிப் பக்கம் ஒரு சிறு ஆலையில் வேலை பார்த்தவன் நான். சங்கத்தில் இ.எஸ்.ஐ., பி.எஃப். விவகாரங்கள் என் பொறுப்பில் இருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்து, முதல்முறை வேலைநிறுத்தத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயப்பட வேண்டிய இடம் எது, பயப்படத் தேவையில்லாத இடம் எது என்று தெரிந்துவிட்டால் உறுதியாக நிற்கலாம். "வேலைக்கு வராவிட்டால் உன் பிள்ளைக்கு வைத்தியம் கிடையாது" என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பி ஆட்கள் உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது பொய்.

முதலில், உங்களுக்கு என்ன காப்பீடு இருக்கிறது?

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று பிடித்தம் இருந்தால் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் போகிறது, முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். இரண்டும் சேர்ந்ததுதான் சந்தா. 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடமிருந்து 135, அவரிடமிருந்து 585. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள்தான் இதற்குள் வருவார்கள். மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை.

அதற்கு மேல் சம்பளம் வாங்குபவருக்குக் கம்பெனி குழுக் காப்பீடு எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். சர்க்கரை ஆலைத் தோழர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பருவகாலத் தொழிற்சாலை என்ற வரையறையில் சர்க்கரை உற்பத்தியும் இருப்பதால், இ.எஸ்.ஐ. உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பக்கத்து ஆலைக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கான்ட்ராக்டர் சந்தா கட்டாவிட்டால் அந்தப் பொறுப்பு பிரதான முதலாளியின் தலையில்தான் விழும். "எனக்குத் தெரியாது, கான்ட்ராக்டரைக் கேள்" என்று ஆலை நிர்வாகம் கைகழுவ முடியாது.

78 நாள் கணக்கு

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு சந்தா காலம். அதில் கட்டிய சந்தா உங்களுக்குக் கைகொடுப்பது அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு சந்தா காலம். அதன் பலன் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. ஒரு சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா போயிருந்தால், அதற்குரிய ஆறு மாதத்துக்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் அட்டை செல்லும்.

இப்போது ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக்கொண்டால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்திலேயே 78 ஆகிவிடுகிறது. ஜூலையில் தொடங்கி செப்டம்பர் முடிய ஸ்டிரைக் நடந்தாலும் ஜனவரியில் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. தீபாவளி போனஸுக்காக அக்டோபர் முழுக்க வெளியே நின்றாலும், நவம்பர், டிசம்பர், ஜனவரி வேலை பார்த்தால் கணக்குச் சேர்ந்துவிடும். சிக்கல் வருவது இரண்டு விதத்தில்தான். சந்தா காலம் தொடங்கியதும் ஆரம்பித்து நாலு மாதம் வரை நீளும் போராட்டம் ஒன்று. ஏற்கெனவே நாள் குறைவாக இருப்பவர், அதாவது நீண்ட நாள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தவர், வாரத்தில் நாலு நாள் மட்டும் ஷிப்ட் கிடைத்தவர், இவர்கள் நிலை இன்னொன்று. நடுவில் வந்து சேர்ந்த புதியவருக்குத் தனிக் கணக்கு உண்டு. முதல் சந்தா காலம் குறுகியதாக இருந்தால், அதில் வேலை செய்யக் கிடைத்த நாட்களில் பாதி போதும்.

ஒன்றை மனதில் வையுங்கள். எண்ணுவது வேலை செய்த நாளை இல்லை, சம்பளம் தந்த நாளை. சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் இதில் சேரும். கடைசியில் ஒப்பந்தம் பேசும்போது இந்த வித்தியாசம் பெரிய உதவியாக இருக்கும்.

ஸ்டிரைக் நாளில் எது நிற்கும், எது நிற்காது?

வைத்தியம் நிற்காது. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கலாம், திருச்சி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மனைவிக்கும் பிள்ளைக்கும் வைத்தியம் பார்க்கலாம். நீங்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறீர்களா என்று கேட்க டாக்டருக்கு ஒரு காரணமும் இல்லை.

நிற்பது பணம். நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. தரும் 70 சதவீதச் சம்பளமும், வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கியவருக்குத் தரும் 90 சதவீதமும், வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாட்களுக்குக் கிடையாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இது. நிர்வாகம் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மொத்தக் காப்பீடும் போய்விடும் என்று மிரட்டும்.

அதே சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி 99-ஏ என்று ஒன்று உண்டு. அதைப் பலரும் சொல்வதில்லை. ஸ்டிரைக் நாளிலும் இந்தப் பணம் யாருக்கெல்லாம் உண்டு என்று அது சொல்கிறது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ அது அங்கீகரித்த ஆஸ்பத்திரியிலோ உள்நோயாளியாகப் படுத்திருப்பவருக்கு உண்டு. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட உதவிக்குத் தகுதி உள்ளவருக்கு உண்டு. சங்கம் நிர்வாகத்துக்கு ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருந்தவருக்கும் உண்டு.

மூன்றாவதை இன்னொரு தடவை படியுங்கள். எல்லாம் நோட்டீஸ் தேதியில் நிற்கிறது. உங்கள் ஷிப்டில் யாராவது கால் முறிந்து வீட்டில் இருக்கிறார், ஆனால் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சான்று வாங்கச் சோம்பியிருக்கிறார் என்றால், நோட்டீஸ் போவதற்கு முன் அவரை வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போங்கள். உண்மையான நோயாளிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பொய்ச் சான்று வாங்கினால் பிடிபடும்போது ஒருவர் மட்டும் மாட்டுவதில்லை, மொத்தப் போராட்டத்தின் மேலும் சேறு விழும்.

மகப்பேறு உதவி 63ஆம் பிரிவுத் தடையில் இல்லை. 26 வார உதவிக்கு, முந்தைய இரண்டு சந்தா காலங்களில் மொத்தம் 70 நாள் சந்தா இருந்தால் போதும். எங்கள் ஆலையில் பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு தங்கச்சி, இதைத் தெரியாமல் ஏழு மாத வயிற்றோடு ஸ்டிரைக்கை உடைத்து உள்ளே போகப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய இ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதுச் சட்டத்துக்குள் போய்விட்டது. பழைய பிரிவு எண்கள்தான் இன்னும் எல்லார் வாயிலும் இருப்பதால் அவற்றை வைத்தே எழுதுகிறேன். கிளை அலுவலகத்தில் பேசும்போது எண்ணைச் சொல்லி வாதாடாதீர்கள், விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். அதே நாளில் வந்த தொழிலுறவுத் தொகுப்பின்படி, எந்தத் தொழிற்சாலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்டிரைக் கூடாது. ஒரே நாளில் பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது ஸ்டிரைக்தான். நோட்டீஸ் நகலில் நிர்வாகத்தின் சீல், தேதி, கையெழுத்து வாங்கி வையுங்கள். சட்டப்படி நடந்த வேலைநிறுத்தம் என்பதற்கும் அதுதான் சாட்சி, 99-ஏ கேட்பவருக்கும் அதுதான் சாட்சி.

நோட்டீஸுக்கும் முதல் நாளுக்கும் இடையில்

அந்த இரண்டு வாரத்தைச் சும்மா விடாதீர்கள். பிரிவு வாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள். யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது, யாருக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள், யாருக்கு 78 நாள் சேரவில்லை. 78 நாள் சேராதவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவோம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் டிஸ்பென்சரியில் மருந்தைத் தீரவிடாமல் வாங்கி வைக்கட்டும். வைத்தியம் நிற்காது என்பது உண்மை. ஆனால் பஸ்ஸுக்குக் காசில்லாமல் போகாமல் விட்டுவிடுவார்கள், அதுதான் நடக்கும்.

ஒவ்வொருவரும் தன் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். இ.எஸ்.ஐ. கழகத்தின் இணையதளத்திலோ மத்திய அரசின் உமங் செயலியிலோ அந்த எண்ணை வைத்து நுழைந்து, இதுவரை போன சந்தா விவரத்தைப் படம் பிடித்து வையுங்கள். இரண்டு வருடச் சம்பளச் சீட்டு, அட்டை நகல், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

ஸ்டிரைக் நடக்கும்போது: 15ஆம் தேதிக் காவல்

ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிர்வாகம் கட்ட வேண்டும். அப்போது ஆள் வாரியாக எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று இணையதளத்தில் ஏற்றுவார்கள். ஒருவருக்கு அந்த மாதம் சம்பளமே இல்லை என்றால் காரணத்துக்கு ஒரு எண் போட வேண்டும். வேலைநிறுத்தம், கதவடைப்பு இரண்டுக்கும் எண் 9. வேலையை விட்டு விலகினார் என்றால் எண் 2.

இந்த 2-தான் விஷம். 2 போட்டுக் கடைசி வேலை நாளையும் ஏற்றிவிட்டால், அடுத்த மாதப் பட்டியலிலிருந்தே உங்கள் பெயர் போய்விடும். வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பையன் தெரியாமல் செய்ததும் உண்டு. நமக்கு வரும் கேடு ஒன்றுதான்.

எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் 20 அன்று வெளியே வந்தோம், ஜூலை நடுவில் திரும்பிவிட்டோம். நாலு வாரம்கூட இல்லை. என்னோடு லேத்தில் நின்ற அண்ணனுக்கு ஜனவரியில் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் எழுதினார்கள். அட்டையைத் தேய்த்தால் தகுதி இல்லை என்று வந்தது. தோண்டிப் பார்த்தோம். ஜூன் கணக்கில் எங்களில் சிலருக்கு 2 போட்டிருந்தார்கள், திரும்பி வந்த பிறகு பெயரைச் சேர்க்கவே இல்லை. ஏப்ரல் 26, மே 26, ஜூனில் 16, ஆக 68 நாள்தான் அவர் பெயரில் நின்றது. பத்து நாள் குறைவு. ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளச் சீட்டுகளில் 0.75 சதவீதம் ஒழுங்காகப் பிடித்திருந்தார்கள் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பிடி. அந்தச் சீட்டுகளை வைத்துக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். நிர்வாகம் விடுபட்ட சந்தாவைக் கட்டி, கணக்குச் சரியாக மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் அண்ணன் மனைவியின் தாலிக்கொடியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து ஆபரேஷனை முடித்துவிட்டார். நான் செப்டம்பரிலேயே ஒருமுறை இணையதளத்தைத் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கொடி அடகுக்குப் போயிருக்காது. இன்றும் அது என் நெஞ்சில் நிற்கிறது.

அதனால் மாதாமாதம் 16ஆம் தேதி ஒருவர் உட்கார்ந்து எல்லார் கணக்கையும் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் அன்றைக்கே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், நகல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு. கடிதம் இப்படி இருந்தால் போதும்: "நான் வேலையை விட்டு விலகவில்லை. இந்தத் தேதியில் கொடுத்த அறிவிப்பின்படி வேலைநிறுத்தத்தில் இருக்கிறேன். என் பெயரை விலகியவர் பட்டியலிலிருந்து நீக்கி, வேலைநிறுத்தம் என்று திருத்தவும்." காப்பீட்டு எண்ணை எழுத மறக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். கழகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 2526.

முதலாளி சந்தா கட்டாததால் ஒருவருக்கு உதவி கிடைக்காமலோ குறைந்தோ போனால், கழகமே அவருக்கு உரிய தொகையைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று பழைய 68ஆம் பிரிவு சொல்கிறது. அதை மனுவில் எழுதிக் கேளுங்கள். நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டிருப்பவரை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் தண்டிக்கவும் கூடாது என்பது 73ஆம் பிரிவு.

21,000-க்கு மேல் வாங்குபவர்கள்

குழுக் காப்பீட்டில் பாலிசி முதலாளி பெயரில் இருக்கும், நாம் வெறும் உறுப்பினர். அவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் பாலிசி போயிற்று. 78 நாள் போல ஒரு கவசம் இங்கே கிடையாது. அதனால் ஸ்டிரைக்குக்கு முன்பே பாலிசி எண், முடியும் தேதி, உங்கள் உறுப்பினர் அட்டை மூன்றையும் வாங்கி வையுங்கள். பெயர் நீக்கப்பட்டதாகத் தெரிந்தால் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற உடனே எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு பாலிசி பணம் தராத ஆரம்ப காலத்தைக் காத்திருப்புக் காலம் என்பார்கள். குழுவில் கழித்த காத்திருப்புக் காலம் புது பாலிசியில் கணக்கில் சேரும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது பெரிய விஷயம். பிரீமியம் அதிகம்தான், மறைக்கவில்லை. நிறுவனம் இழுத்தடித்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணில் புகார் செய்யுங்கள்.

பின்னால் ஒரு அரண்

வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். எண் 1800 425 3993. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அலையாமல் முன்பே வாங்கி வைப்பது நல்லது. காரைக்காலில் குடியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அது புதுச்சேரி.

வயல் வேலைக்கும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கவும் போகும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இந்த ஒரு அட்டைதான் காப்பு. கூலிக்காக நின்று கீழ்வெண்மணியில் 44 உயிரைக் கொடுத்த மண் இது. அந்த வயல்களில் நிற்பவர்களுக்கு இன்னும் இ.எஸ்.ஐ. இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அட்டை எதுவுமே இல்லாவிட்டாலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பிரசவத்துக்கு ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கையில் பணம் இல்லையே என்று நோயை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

தொழிலாளர் துறை அதிகாரி முன் செய்யும் ஒப்பந்தத்தை (பழைய சட்டத்தில் 12(3) ஒப்பந்தம்) பேசும் நாளில் எல்லாரும் களைத்துப்போயிருப்பார்கள். சம்பள உயர்வு எவ்வளவு என்பதில்தான் கண் இருக்கும். அப்போது காப்பீட்டை நினைவில் வைத்துப் பேச ஒரு ஆளைத் தனியாக உட்கார வையுங்கள். அவர் மூன்று விஷயத்தைக் கேட்க வேண்டும்.

ஒன்று, ஸ்டிரைக் நாட்களுக்கு முழுச் சம்பளமோ பாதியோ கிடைத்தால், அதற்கு இ.எஸ்.ஐ. சந்தாவும் கட்டப்படும் என்று எழுத்தில் வர வேண்டும். சட்டவிரோதமில்லாத வேலைநிறுத்த நாட்களுக்குத் தரும் பணமும் சம்பளம்தான் என்று பழைய சட்டத்தின் விளக்கமே சொன்னது. சம்பளம் தர மறுத்தால், அந்த நாட்களை ஈட்டிய விடுப்பில் கழிக்கக் கேளுங்கள். விடுப்புச் சம்பளம் வந்தால் நாளும் சேரும். சிவப்பு மையில் எழுதிய பெயர்களுக்காவது இதை வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, யாருடைய பெயரும் விலகியவர் என்று பதிவாகவில்லை, பதிவாகியிருந்தால் இத்தனை நாளில் திருத்தப்படும் என்று தேதி போட்டு ஒரு வரி.

மூன்றாவது, வெற்றியிலேயே ஒளிந்திருக்கும் பள்ளம். 20,300 வாங்கியவருக்கு 1,200 ரூபாய் உயர்வு வந்தால் 21,500. நடப்புச் சந்தா காலம் முடியும் வரை இ.எஸ்.ஐ. தொடரும், அதன் பிறகு புதிதாகச் சந்தா போகாது. ஏற்கெனவே கட்டியதற்கான பயன் காலம் தீர்ந்ததும், சம்பளம் கூடிய அதே மனிதர் டயாலிசிஸுக்குக் கைக்காசு கொடுக்க வேண்டிவரும். அப்படி வெளியே போகிறவர்களுக்குக் கம்பெனி செலவில், பெற்றோரையும் சேர்த்துக் குழுக் காப்பீடு என்று அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அன்று விட்டுவிட்டால் அடுத்த ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கையெழுத்தாகி வேலைக்குத் திரும்பினீர்களா, சரி. அடுத்த மாதம் 16ஆம் தேதி சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, பழைய நோட்டை எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக இணையதளத்தில் சரிபாருங்கள். எல்லாருக்கும் நாள் ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகு நோட்டை மூடுங்கள்.